சிபசாலில் சால் இல்லை

போன இதழில் டிங்சர் அயோடினைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘சிபசால் காலத்து ஆட்கள்’ என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். டிங்சரைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்கவில்லை. சரி, இந்த முறை சிபசாலே ஆகட்டும்.

கேள்வி: எங்கள் தாத்தா லுங்கித் தறி வைத்திருந்தவர். அவருடைய 1951ஆம் வருடத்து வரவு செலவு நோட்டில் ஒரே நாளில் ‘சிபசால் வில்லை 24, பார்லி அரிசி, சோடா உப்பு’ என்று எழுதியிருக்கிறார். சிபசால் என்றால் என்ன பொருள்? என் மாமனார், அது ‘சிவசால்’ என்ற நாட்டு மருந்து, சாலில் தண்ணீர் நிரப்பி ஊறப்போட்டுக் கொடுப்பது என்கிறார். (குடியாத்தம் வாசகி)

உங்கள் மாமனார் சொன்ன விளக்கம் அழகாக இருக்கிறது. கெடுப்பதற்கு மனசு வரவில்லை. ஆனாலும் சிபசாலில் சிவனும் இல்லை, சாலும் இல்லை. அது கிருமியை அடக்கும் ஒரு பழைய சல்பா மருந்துக்கு வைத்த சுவிட்சர்லாந்து பெயர்.

அந்த நாட்டில் ரைன் நதிக்கரையில் பாசல் என்று ஓர் ஊர். அங்கே 1859இல் அலெக்சாண்டர் கிளாவெல் என்ற பட்டுச் சாயக்காரர் புதுவகைச் சிவப்புச் சாயம் தயாரிக்க ஆரம்பித்தார். அந்தப் பட்டறை வளர்ந்து 1884இல் ‘பாசல் ரசாயனத் தொழில் சங்கம்’ என்று ஜெர்மன் மொழியில் நீளமான பெயர் கொண்ட கம்பெனி ஆனது. கெமிஷே, இண்டுஸ்ட்ரீ, பாசல் என்ற மூன்று சொற்களின் தலையைக் கிள்ளிச் சேர்த்தால் சிபா. தறிக்காரர் வீட்டுப் பெண்ணான உங்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கும்: உங்கள் தாத்தா வாங்கிய வில்லையின் பெயரில் பாதி ஒரு சாயப் பட்டறையிலிருந்து வந்தது.

மீதிப் பாதியான ‘சோல்’ அந்த மருந்தின் ரசாயனப் பெயரின் வால். முழுப் பெயர் சல்பாதயசோல். ‘தயோ’ என்பது கிரேக்கத்தில் கந்தகம். ‘அசோல்’ என்பது ‘அசோட்’டிலிருந்து வந்தது, நைட்ரஜனுக்கு 1787இல் லவாசியேயும் அவர் கூட்டாளிகளும் வைத்த பெயர் அசோட். ‘உயிர் இல்லாதது’ என்று அர்த்தம். அந்தக் காற்றில் மட்டும் விட்டால் எந்தப் பிராணியும் பிழைக்காது என்பதால் அப்படி வைத்தார்கள். கந்தக அணு ஒன்றும் நைட்ரஜன் அணு ஒன்றும் உள்ள ஐந்து கண்ணி வளையத்துக்குத் தயசோல் என்று பெயர். ஆக, சாவைக் குறிக்கும் ஒரு சொல்லின் வாலை ஒட்டிக்கொண்டு வந்த மருந்துதான் எத்தனையோ பேரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது.

நம் நாக்கில் ‘z’ ஒலி ஏது? ‘சோல்’ சாலானது. நமக்கு ஏற்கெனவே தண்ணீர்ச் சாலும் ஏர்ச் சாலும் இருப்பதால் காதுக்கு உறுத்தவும் இல்லை. பெனிசிலினைப் ‘பென்சில் ஊசி’ ஆக்கியவர்கள்தானே நாம்.

இனி நோட்டுக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்தது சிபசாலைவிட அதன் பக்கத்தில் இருக்கும் பார்லியும் சோடா உப்பும்தான். உங்கள் தாத்தாவுக்கு மருந்து கொடுத்த டாக்டர் கெட்டிக்காரர் என்று அந்த இரண்டு சாமான்கள் சாட்சி சொல்கின்றன.

சல்பா மருந்துகளில் பழையவற்றுக்கு ஒரு பெரிய குறை உண்டு. உடம்பில் வேலையை முடித்துவிட்டுச் சிறுநீரில் வெளியேறும்போது சரியாகக் கரையாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்தில் கண்ணாடித் தூள் மாதிரி படிகம் கட்டிக்கொள்ளும். இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், முற்றினால் சிறுநீரே நின்றுபோகும். சிறுநீரில் புளிப்புத் தன்மை குறைந்தால் அந்தப் படிகம் அவ்வளவாகக் கட்டாது. அதற்குத்தான் சோடா உப்பு. தண்ணீர் ஏராளமாக உள்ளே போகவேண்டும், அதற்குத்தான் பார்லிக் கஞ்சி. ‘மருந்தோடு சோடா உப்பு சேர்த்தால் சூடு தணியும்’ என்று எங்கள் தெருப் பாட்டிகள் சொல்லிக்கொண்டிருந்ததன் மூலம் இதுதான்.

என் நைனா அந்தக் காலத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நோயாளி வீட்டுக் கதவைத் தட்டுவார். சிபசாலை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி பகல் பார்க்காமல் கொடுக்க வேண்டும். உடம்பிலிருந்து அது சீக்கிரம் வடிந்துவிடும். நைனாவின் சட்டம் இது: “ஒரு சொம்பு தண்ணி குடிச்சாத்தான் அடுத்த வில்லை.” மூத்திரம் எத்தனை தடவை போனது என்று வீட்டுப் பெண்கள் சுவரில் கரிக்கோடு போட்டு வைக்க வேண்டும். காலையில் வந்து கோட்டை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கு வீடே திட்டு வாங்கும்.

அரை கிராம் வில்லை என்றால் 24 வில்லை 12 கிராம். முதல் வேளையில் மொத்தமாக எட்டு, அப்புறம் வேளைக்கு இரண்டு என்று கொடுப்பது அன்றைய வழக்கம். நான்கு மணிக்கு ஒரு வேளை என்று கணக்குப் போட்டால் ஒன்றரை நாளைக்கு வரும். அது கால் புண்ணுக்கு வாங்கியது அல்ல. யாரோ பெரிய காய்ச்சலில், அநேகமாக நிமோனியாவில், படுத்திருக்கிறார்கள். நோட்டில் அடுத்த நான்கைந்து நாட்களைப் புரட்டிப் பாருங்கள். மறுபடி சிபசால் வாங்கியிருக்கிறார்களா, ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கியிருக்கிறார்களா? ரொட்டி இருந்தால் ஆள் பிழைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கேள்வி: என் அம்மா ஆம்பூரில் டேனரி வேலைக்குப் போனவர். கையில் சின்னக் கீறல் என்றாலும் ‘சிபசால் தூள் போடு’ என்பார். வீட்டில் எந்த மாத்திரை இருந்தாலும் நுணுக்கிக் காயத்தில் தூவுகிறார். தடுத்தால் கேட்பதில்லை. இது சரியா? (ஆம்பூர் வாசகர்)

சரியில்லை. ஆனால் அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களும் அதைத்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் ஒவ்வொருவனும் இடுப்புப் பையில் ஒரு பொட்டலம் சல்பா தூள் வைத்திருந்தான். குண்டு பட்டால் முதலில் அதைத் தூவிவிட்டுத்தான் கட்டுப் போடவேண்டும் என்பது உத்தரவு. அந்தப் பழக்கம் பட்டாளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டிக்கடைக்கும் வந்து சேர்ந்தது.

அப்புறம் ஏன் கைவிட்டார்கள்? கிருமி வளர்வதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். நாம் அதைக் கீரையிலும் பருப்பிலும் வாங்கிக்கொள்கிறோம். கிருமி தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் ‘பாபா’ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு மூலப்பொருள் தேவை. சல்பா பார்ப்பதற்கு அச்சாக அந்தப் பாபா மாதிரியே இருக்கும். கிருமி ஏமாந்து சல்பாவை எடுத்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும். டொனால்ட் வுட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1940இல் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இது. தறியில் நூலுக்குப் பதில் அதே நிறத்தில் சணலை மாட்டிவிட்டால் நெசவு எப்படி நிற்கும், அப்படி. இப்போது காயத்துக்கு வாருங்கள். சீழிலும் செத்த சதையிலும் உண்மையான பாபாவும் கிருமிக்கு வேண்டிய மற்ற சரக்கும் தாராளமாகக் கிடக்கின்றன. கைக்கெட்டும் தூரத்தில் நல்ல நூல் குவிந்து கிடக்கும்போது சணலை யார் மாட்டுவான்? சீழ் பிடித்த புண்ணில் சிபசால் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் அதைவிட முக்கியமானது. சல்பாவைத் தோலில் தேய்த்தால் உடம்பு அதை ஒவ்வாத பொருளாக நினைவில் வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பிறகு என்றைக்காவது வாய் வழியாகக் கொடுக்கும்போது அரிப்பும் தடிப்பும் கிளம்பும்.

உங்கள் அம்மா நுணுக்குவது இன்றைக்கு சிபசாலும் அல்ல. பாராசிட்டமாலா, சர்க்கரை மாத்திரையா, யாருக்குத் தெரியும். மாத்திரையில் மருந்தைத் தவிர மாவு, சாக்குத்தூள், டால்கம், சாயம் எல்லாம் சேர்ந்திருக்கும்; காயத்துக்குள் போனால் அதெல்லாம் வெறும் குப்பை. மருந்து செத்துவிட்டது, பெயர் மட்டும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் கடைக்கு வந்து “இன்னா கம்பவுண்டரே, சிபசால் தூள் கீதா?” என்று கேட்டவர்களுக்கு நான் ஒரு காலத்தில் போரிக் பவுடரை மடித்துக் கொடுத்திருக்கிறேன். வெள்ளையாக இருந்தால் சிபசால், சிவப்பாக இருந்தால் மெர்க்குரோகுரோம், எரிந்தால் டிங்சர். நோயாளிகளின் மருந்து அறிவு இந்த மூன்றில் அடங்கிவிட்டது. அப்போது அது விளையாட்டாக இருந்தது.

குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், சுத்தமான துணி கட்டச் சொல்லுங்கள், டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். டேனரியில் குரோம் உப்பு பட்டு வந்த பழைய குழிப்புண் ஏதாவது கையில் இருந்தால், அது தூளில் ஆறுகிற ரகம் இல்லை. தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ‘சல்பா அலர்ஜி’ என்று டாக்டர் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். வெங்காயம், முட்டையில் கந்தகம் உண்டே, சாப்பிடலாமா? இளைப்புக்கு நான் இழுக்கும் மருந்திலும் ‘சல்பேட்’ என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது. (ஆற்காடு வாசகர்)

வெங்காயம் சாப்பிடுங்கள், முட்டையும் சாப்பிடுங்கள். இழுக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சல்பேட் என்பது மருந்தோடு சேர்ந்த உப்பு, அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரையிலும் ஃபெரஸ் சல்பேட் இருக்கிறது. ஒவ்வாமை கந்தகத்தின் மீது இல்லை. நம் உடம்பிலேயே கந்தகம் இருக்கிறது, அதற்கு ஒவ்வாமை வந்தால் நாம் நமக்கே ஒவ்வாமல் போவோம். சல்பா மருந்து என்ற குறிப்பிட்ட அமைப்பு கொண்ட மூலக்கூறுதான் உங்கள் எதிரி. சல்பைட் என்று உணவைப் பதப்படுத்தப் போடும் சரக்கு வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சல்பா, சல்பேட், சல்பைட் மூன்றும் ஒரே தெருவில் குடியிருக்கும் ஒரே பெயர்க்காரர்கள் மாதிரி. தபால்காரர் குழம்பலாம், நீங்கள் குழம்பக் கூடாது.

குழம்பிய தபால்காரன் கதை ஒன்று சொல்கிறேன். அந்தத் தபால்காரன் நான்தான்.

1979ஆம் வருடம். வேலூரில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தேன். பார்மசி டிப்ளமா முடித்திருந்த திமிர் வேறு. ஐம்பது வயது அம்மா ஒருவர், சிறுநீர்க் கடுப்புக்கு டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார். சீட்டில் கோ-ட்ரைமாக்சசோல், செப்ட்ரான் என்ற பெயரில் அப்போது தாராளமாக ஓடிக்கொண்டிருந்த மாத்திரை. பணத்தை எடுத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: “நைனா, இதுல சிபசால் கலந்துகினு கீதா பாரு. அது எனக்கு ஆவாது. சின்ன வயசுல குடுத்தாங்க, உதடு வெந்துபோச்சு.”

நான் சிரித்தேன். “சிபசால் எல்லாம் செத்துப்போன மருந்தும்மா, இப்ப எவனும் செய்யறதில்ல. இது புதுசு” என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன். பாக்கிச் சில்லறையைக் கொடுக்கும்போது அவர் கீழுதட்டின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கருப்புத் தடம் இருந்ததைப் பார்த்தேன். மச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மகனோடு திரும்பி வந்தார். அந்தக் கருப்புத் தடம் இருந்த அதே இடம் கொப்புளம் கட்டி உடைந்திருந்தது. இடது மணிக்கட்டில் இன்னொரு வட்டம், எட்டணா அளவில், ஊதா நிறத்தில். மகன் என் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா அவனைத் தடுத்துவிட்டு, “நான் சொன்னேனே நைனா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சட்டையைப் பிடித்திருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

சிபசால் என்பது சல்பாதயசோல். செப்ட்ரானில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று சல்பாமெத்தாக்சசோல். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அம்மா சல்பா என்று சொல்லவில்லை, சிபசால் என்றார். கம்பெனிப் பெயருக்குள் குடும்பப் பெயர் ஒளிந்துகொண்டுவிட்டது. சல்பாவுக்கு இப்படி ஒரு குணம் உண்டு: சிலருக்கு மருந்து உள்ளே போன ஒவ்வொரு தடவையும் உடம்பில் அதே இடத்தில், அங்குலம் பிசகாமல், புண் வரும். ஆறினால் கருப்புத் தடம் நிற்கும். முப்பது வருடமாக அந்த அம்மா தன் ஒவ்வாமைச் சீட்டை உதட்டிலேயே எழுதி வைத்திருந்தார். படிக்கத் தெரிந்த நான் படிக்கவில்லை.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார், இரண்டு வாரத்தில் புண் ஆறியது. எல்லோருக்கும் இவ்வளவு லேசாகப் போகாது. சல்பாவால் உடம்பு முழுக்கத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தான கேஸ்களும் உண்டு. ஆகவே உங்கள் சீட்டில் இருக்கும் சிவப்பு மைக்கு மரியாதை கொடுங்கள். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்பான சில்வர் சல்பாடயசினும் சல்பாதான். காயத்தில் தூவும் நெபாசல்ஃப் பவுடரில் இருக்கும் சல்பாசிட்டமைடும் சல்பாதான். சில கண் சொட்டு மருந்துகளிலும் அது உண்டு. டாக்டரிடமும் கடைக்காரரிடமும் ‘சல்பா ஆகாது’ என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் சொன்னால் என்னைப் போல ஒரு புத்திசாலி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான்.

கேள்வி: சிபசால் இப்போது எங்காவது கிடைக்குமா? (வாலாஜா வாசகர்)

அந்தப் பெயரில் இங்கே யாரும் எழுதுவதில்லை, நானும் விற்று எத்தனையோ வருடம் ஆயிற்று. சல்பா குடும்பத்தில் மற்றவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்குச் சல்பாடிமிடின் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் டப்பா ஏதாவது அகப்பட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதை வாயில் போடாதீர்கள்.

கேள்வி: முதல் ஆன்டிபயாடிக் பெனிசிலினா, சல்பாவா? எங்கள் ஆசிரியர் பெனிசிலின் என்கிறார், தாத்தா சல்பாதான் முதலில் வந்தது என்கிறார். (வாணியம்பாடி மாணவி)

இரண்டு பேருமே ஜெயித்தார்கள். ஆன்டிபயாடிக் என்ற சொல் முதலில் ஓர் உயிர் தயாரித்து இன்னோர் உயிரை அடக்கும் பொருளுக்கு வைத்த பெயர். பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஆகவே ஆன்டிபயாடிக். சல்பா ஆய்வகத்தில் செய்தது. கறாராகச் சொன்னால் அதைக் கிருமிக்கொல்லி மருந்து என்று மட்டும்தான் சொல்லவேண்டும். ஃபிளெமிங் பெனிசிலினைக் கவனித்தது 1928இல் என்றாலும், அது மருந்தாக மனிதருக்குப் போனது 1941இல். அதற்குள் சல்பா ஊர் ஊராகப் பெயர் வாங்கிவிட்டது. தாத்தாவின் கணக்கு இதுதான்.

இதன் கதை சாயத்தில்தான் மறுபடி தொடங்குகிறது. ஜெர்மனியில் பேயர் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக் என்ற டாக்டர். ரசாயனக்காரர்களான கிளாரரும் மீட்ச்சும் சாயம் சாயமாகச் செய்து தருவார்கள், இவர் கிருமி ஏற்றிய எலிகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார். 1932 கடைசியில் ஒரு சிவப்புச் சாயம் கொடுத்த எலிகள் பிழைத்தன, கொடுக்காதவை செத்தன. அதுதான் புரோன்டோசில். 1935இல் கட்டுரை வெளியிட்டார். அந்த வருடமே அவருடைய சின்ன மகளுக்குக் கையில் ஊசி குத்திச் சீழ் ஏறி, கையையே எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது அந்தச் சிவப்பு மருந்தைத் தானே கொடுத்தார். குழந்தை பிழைத்தது.

வேடிக்கை என்னவென்றால் சோதனைக் குழாயில் போட்டால் புரோன்டோசில் ஒரு கிருமியையும் அசைக்காது. பாரிஸில் பாஸ்தர் நிறுவனத்துக்காரர்கள் அதே 1935இல் முடிச்சை அவிழ்த்தார்கள்: உடம்புக்குள் போனதும் அது இரண்டாக உடைகிறது, சாயத்தின் மிச்சம் ஒரு பக்கம், நிறமே இல்லாத சல்பனிலமைடு ஒரு பக்கம். வேலை செய்வது அந்த இரண்டாவது. சல்பனிலமைடை வியன்னாவில் பால் கெல்மோ என்ற மாணவர் 1908லேயே செய்து காட்டியிருந்தார்! காப்புரிமை காலாவதியாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். உடனே ஆளாளுக்கு அதோடு வேறு வேறு வால் ஒட்டிப் புது மருந்து செய்தார்கள். இங்கிலாந்தின் ‘எம் அண்ட் பி 693’ என்ற மருந்து அப்படி வந்தது. சிபசாலும் அப்படி வந்ததுதான்.

டோமாக்குக்கு 1939இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். ஹிட்லரின் ஆட்கள் அவரைப் பிடித்துப்போய் உள்ளே வைத்து, வேண்டாம் என்று எழுதி வாங்கினார்கள். 1947இல் போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். காலம் கடந்ததால் பணம் கிடைக்கவில்லை. உன் ஆசிரியரிடம் இதையும் சொல்.

இன்னொன்று, பரீட்சைக்கு வராதது. 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடை இனிப்புத் திரவமாக விற்க நினைத்த ஒரு கம்பெனி, அதை டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. 100 பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். மறு வருடம் அங்கே மருந்துச் சட்டம் கடுமையானது. அதே சனியன் இன்றைக்கும் இருமல் மருந்துக்குள் புகுந்து குழந்தைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. மருந்துக்கடையில் ஆயுசைக் கழித்தவனுக்கு இதை எழுதும்போது கை கூசுகிறது.

கேள்வி: என் தகப்பனார் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டு பல வருடம் ‘டி.டி.எஸ். மாத்திரை’ சாப்பிட்டார். அதுவும் சிபசால் வகைதான் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (காட்பாடி வாசகர்)

பங்காளி என்று சொல்லலாம். டி.டி.எஸ். என்பது டாப்சோன். சல்பா குடும்பம் ஒன்று, சல்ஃபோன் குடும்பம் இன்னொன்று. இரண்டும் கிருமியை ஏமாற்றுவது ஒரே வழியில்தான், மேலே சொன்ன நூலும் சணலும் கதை.

தொழுநோய்க்கு அதற்கு முன்னால் இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். தோலுக்குள் ஊசியாக ஏற்றுவார்கள், வலி தாங்க முடியாது, பலனும் நிச்சயமில்லை. 1941இல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்தில் சல்ஃபோன் மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் 1940களில் அதைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.க்கும் தலைமை வகித்தவர் அவர். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை டாக்டரைத் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனவரும் அவரே. கரிகிரி 1955இல் வந்தது. அந்த மாத்திரை மலிவு, வீட்டிலேயே விழுங்கலாம். உங்கள் தகப்பனாரைப் போன்றவர்கள் ஊரைவிட்டு ஒதுங்காமல் வீட்டிலிருந்தே வைத்தியம் பார்த்துக்கொள்ள முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு கிருமி டாப்சோனுக்குப் பழகிக்கொண்டதால், 1980களின் தொடக்கத்திலிருந்து ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் இரண்டையும் சேர்த்துக் கூட்டு மருந்தாக இலவசமாகத் தருகிறார்கள்.

சல்பா ஒத்துக்கொள்ளாதவர்கள் டாப்சோன் எடுப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் தகப்பனாருக்கு அப்படி எதுவும் வராமல் பல வருடம் ஓடியது என்றால் நல்லதுதான்.

கேள்வி: சிபாகா பற்பசைக்கும் சிபசாலுக்கும் உறவு உண்டா? (திருப்பத்தூர் வாசகர்)

உண்டு, பெயரில் மட்டும். அதே சிபா கம்பெனியின் பினாகா பற்பசைதான் பிற்பாடு சிபாகா ஆனது. ரேடியோ சிலோனில் ‘பினாகா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். பற்பசைப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மிருகங்கள் வரும். கடைக்குச் சரக்கு வந்தால் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, எதில் யானை இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயல்வோம். சத்தத்தை வைத்து யானையா நாயா என்று சொல்லவே முடியாது. முதலாளி பார்த்துவிட்டால் நாங்கள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருப்பது போல் நடிப்போம்.